உறங்கும் சரிவு

புளி வாங்குகிறவனுக்கு ஒரு வித்தை உண்டு. விற்க வந்தவள் கூடையை இறக்கியதும் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்க்க வேண்டும். விரலில் ஒட்டினால், "ஈரம் ஜாஸ்தி, ரெண்டு நாள்ல எடை குறஞ்சுடும்" என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். ஒட்டாவிட்டால், "காஞ்ச சக்கை, இதுல புளிப்பு ஏது?" என்று அதே உதட்டை அதே மாதிரிப் பிதுக்க வேண்டும். குறை சொல்ல முடியாத புளியை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் எழுத்துக்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டுவிடுவோம். நாங்கள் கோமட்டிகள். ஒடிசா மலையடிவாரத்தில் இந்தச் சந்தை எப்போது கூட ஆரம்பித்ததோ அப்போதிலிருந்து உப்பும் கருவாடும் விற்கிறோம், மஞ்சளும் புளியும் துவரையும் வாங்குகிறோம். மேலேயிருந்து இறங்கி வரும் கோந்த் பழங்குடிச் சனங்கள் எங்களைச் சாவுகார் என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பேர். அவர்கள் பாஷை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பதால் அந்தப் பேரும் தெரியும்.

இந்த வித்தை செல்லாத ஒரே ஆள் புல்மே கத்ராகா. நான் உதட்டைப் பிதுக்குவதற்கு முன்பே அவள் பிதுக்கிவிடுவாள். "ஈரந்தான் சாவுகார். உன் தராசு மாதிரி ஒரு பக்கமாத்தான் சாயும். வேணாம்னா விடு" என்று கூடையைத் தூக்கப் போவாள். நான் தடுப்பேன். சந்தையே சிரிக்கும். புருஷன் மலைக்காய்ச்சலில் போனபின் தனியாக நின்று பாடுபட்டவள். மகளை இரண்டு மலை தாண்டிக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

அவளுக்கு மலையில் இரண்டு சரிவுகள். கிழக்குச் சரிவில் விதைக்கிற வருஷங்களில் மேற்குச் சரிவு படுத்துக்கொள்ளும். கிழக்கு களைத்ததும் அதைப் படுக்கவைத்து மேற்கை எழுப்புவாள். கேழ்வரகு, துவரை, ஆமணக்கு, அவரை எல்லாம் ஒன்றாகக் கலந்து விதைப்பது அவர்கள் வழக்கம். அந்த இரண்டு சரிவுக்கும் காட்டு உரிமைப் பட்டா கேட்டு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஊர்ச்சபை ஒத்துக்கொண்டது. மேலே அதிகாரிகளின் குழுவில் கிடந்தது. இரண்டும் கிடைத்தால் பிழைப்பு. ஒன்று மட்டும் கிடைத்தால் அது பாதிப் பிழைப்பு அல்ல, ஒன்றுமே இல்லை. ஓய்வு இல்லாத சரிவு சில வருஷத்தில் மழையோடு கரைந்து கல்லைக் காட்டிவிடும். அப்புறம் ஆந்திராப் பக்கம் செங்கல் சூளைக்கு லாரி ஏற வேண்டியதுதான். ஏறின குடும்பங்களின் வீட்டுக் கூரைகள் ஊரில் சரிந்து கிடக்கின்றன.

இந்தச் சமயத்தில்தான் தேவப்ரியோ பாபு வந்து சேர்ந்தார்.

கல்கத்தாக்காரர். ஆவணப்படம் எடுக்கிறவர். ஆப்பிரிக்காவில் ஒரு பசி, பிலிப்பைன்ஸில் ஒரு பசி என்று எடுத்து முடித்து, மூன்றாவதாக எங்கள் பசியைத் தேடி மலையேறியிருந்தார். நிலம் பறிபோவதையும் சோறு பறிபோவதையும் ஒரே கயிற்றில் கட்டி உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் நோக்கம். நல்ல மனிதர். கேலிக்குச் சொல்லவில்லை. ஜீப் வாடகைக்குப் பேரம் பேசாதவர் என்பதற்காகவும் சொல்லவில்லை, பேரம் பேசாதவர்களை நாங்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. புல்மேயின் பட்டா விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் நிஜமாகவே சிவந்தது. இந்தப் படம் வந்தால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடாமல் தப்ப முடியாது என்றார். அவர் நம்பித்தான் சொன்னார். ஜீப் என்னுடையது. அவர்கள் பேச்சை இந்தியில் மாற்றிச் சொல்ல ஆளும் நானே. அதற்குக் கூலி தனி.

பனிக்காலம். கிழக்குச் சரிவில் கேழ்வரகு அறுத்தாகிவிட்டது. துவரை மட்டும் தலைக்கு மேல் காய்த்து நின்றது. தேவப்ரியோ பாபு அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, உள்ளே போகலாம் என்றார். புல்மே வழியை மறித்து நின்றுகொண்டாள்.

அவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. விதை மண்ணில் விழுந்த நாளிலிருந்து துவரைப் பண்டிகை முடிகிறவரை விதைத்த நிலத்தில் அந்நியக் கால் படக்கூடாது. மண் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருக்கிற காலம் அது. நான் இத்தனை வருஷம் அவர்கள் துவரையைத் தின்று வளர்ந்தவன். எனக்கே அந்த வரம்பு தாண்ட அனுமதி கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வரட்டுமா என்று கேட்கச் சொன்னார் பாபு. கால்தான் அந்நியம், செருப்பு இல்லை என்று பதில் வந்தது.

ஆனால் வந்த விருந்தாளியை வெறுமனே திருப்பி அனுப்புவது அவர்களுக்கு அதைவிடக் குற்றம். அதனால் புல்மே மரியாதையாக, "அந்தப் பக்கம் வாங்க. அங்க எங்க வேணா மிதிக்கலாம்" என்று மேற்குச் சரிவுக்குக் கூட்டிப்போனாள். வேறு எந்தச் சனமாக இருந்தாலும் படக்காரனைக் கண்டதும் பச்சை வயலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். இவர்கள் தூங்குகிற நிலத்துக்குக் கூட்டிப்போவார்கள்.

மேற்குச் சரிவு, படுக்கைக்குப் போய் அதிக நாள் ஆகவில்லை. காட்டை எரித்து விதைத்ததில் மிஞ்சிய கரிந்த அடிக்கட்டைகள், மஞ்சள் புல், நடுவே வெள்ளைக் கற்கள். மூடுபனி வேறு. தேவப்ரியோ பாபு நின்ற இடத்தில் நின்றார். "இதுதான் எனக்கு வேணும்" என்று கேமராக்காரனின் தோளைப் பிடித்தார். புல்மேயை ஒரு கட்டைமேல் உட்காரவைத்தார்கள்.

"இங்க என்ன வெளையுதுன்னு கேளுங்க, சாவுகார்."

கேட்டேன்.

"இப்ப ஒண்ணுமில்ல" என்றாள் அவள். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "படுத்திருக்கு. என் மாமியாரும் இப்பிடித்தான் படுக்க வெச்சு எழுப்புனா. கெழக்கு அலுத்ததும் நான் இத எழுப்புவேன். அப்ப வந்து பாரு, கேழ்வரகுக்குள்ள உன் தொப்பை தெரியாது."

தொப்பை உட்பட எல்லாவற்றையும் நான் இந்தியில் சொன்னேன். கூலி வாங்கிய வேலையில் நான் எடை குறைப்பதில்லை. பாபு தலையாட்டினார். கேமரா எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் புல்மே இருந்த ஒரே சேவலை அடித்தாள். சோறு, துவரம்பருப்பு, சேவல் குழம்பு. பாபு அடுப்பங்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவர்கள் மாங்கொட்டைக் கஞ்சி குடிப்பார்களாமே, அது கிடைக்குமா என்றார். மாம்பருப்பைக் காயவைத்து இடித்து, கசப்புப் போக ஓடைத் தண்ணீரில் போட்டுவைத்துக் காய்ச்சுகிற கஞ்சி. புளிப்பாக, உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பேப்பர்காரர்கள் அதைப் பட்டினிக் கஞ்சி என்று எழுதுவார்கள், ஆனால் பலாவும் பன்றிக்கறியும் மலிந்த நாளிலும் அவர்கள் அதை விரும்பிக் குடிப்பார்கள். புல்மே சந்தோஷமாகக் காய்ச்சினாள். தட்டில் ஊற்றியதும் விளக்கைச் சரிசெய்து, அவள் குடிப்பதைக் கிட்டத்தில் வைத்துப் படம் பிடித்தார்கள். பிடித்து முடித்ததும் எல்லோருமாக உட்கார்ந்து சேவலைச் சாப்பிட்டோம். தேவப்ரியோ பாபு இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார்.

ஜீப் கிளம்பும்போது புல்மே என் காதருகே வந்தாள். "ஏன் சாவுகார், கஞ்சியப் படம் புடிச்சிட்டுச் சேவலத் திங்கிறாரே. அவுங்க ஊர்ல சேவலப் பாத்தா வெக்கமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்தது.

படம் வெளிநாட்டில் பரிசு வாங்கியது. மறு வருஷம் மாவட்டத் தலைநகரில் மண்டபம் எடுத்துத் திரையிட்டார்கள். கலெக்டர் குத்துவிளக்கு ஏற்றினார். வாசலில் புல்மேயின் முகம், என் கடைக் கதவைவிடப் பெரிதாக. அவளையும் ஜீப்பில் கூட்டிவந்திருந்தேன். முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவள் அந்தச் சால்வையின் நூலைத் தேய்த்துப் பார்த்து, இரண்டு மழைக்குத் தாங்காது என்று என்னிடம் சொன்னாள்.

விளக்கை அணைத்தார்கள். மூடுபனி. கரிக்கட்டை. கட்டைமேல் புல்மே. "இப்ப ஒண்ணுமில்ல." அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் வந்தது. குழல் முடிந்ததும் மாங்கொட்டைக் கஞ்சி. நான் இருட்டில் காத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வரவில்லை, எழுப்புவது வரவில்லை, என் தொப்பையும் வரவில்லை. பிற்பாடு கேட்டபோது, படம் நீண்டுவிட்டது, அந்த மௌனத்துக்கு ஒரு கனம் இருந்தது என்றார் பாபு. நாங்கள் மூட்டையில் கல் போடுவதும் கனத்துக்காகத்தான்.

மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. எங்களுக்குப் பின்வரிசையில் வனத்துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அவரும் நடிக்கவில்லை. புல்மே மட்டும், "நான் சொன்னதுல மிச்சம் எங்க?" என்று கேட்டாள். அடுத்து வரும் என்றேன். படம் முடிந்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சில வாரம் கழித்து அதிகாரிகளின் குழு உட்கார்ந்தது. மாற்றிச் சொல்ல நானும் போயிருந்தேன். கிழக்குச் சரிவில் பயிர் இருப்பதை இடம் பார்த்தவர்கள் எழுதியிருந்ததால் அதற்குப் பட்டா என்றார்கள். மேற்குக்கு வந்ததும் அந்த வனத்துறை அதிகாரி, இடத்தைப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்று கைப்பேசியை எடுத்தார். அதற்குள்ளிருந்து புல்மேயின் குரல் வந்தது. இப்ப ஒண்ணுமில்ல. புல்லாங்குழல்.

"உலகமே பாத்த சாட்சி" என்றார் அவர். "அந்தம்மா வாயாலயே சொல்றாங்க. ரொம்ப உருக்கமான படம். ஆனா சட்டம் சாகுபடி எங்கன்னு கேக்குது. இது தரிசு."

நிலம் படுத்திருக்கிறது என்று நான் சொன்னேன். அதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். தூங்குகிறவன் தூங்குகிறான் என்பதற்கு எழுத்து எங்கே போவது? புல்மே, தன் குரலுக்குப் பின்னால் தன் மிச்சப் பேச்சு வரும் என்று அந்தக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவப்ரியோ பாபுவுக்கு நான்தான் செய்தி சொன்னேன். இரண்டே நாளில் வந்து நின்றார். தூங்காத முகம். அதிகாரியைத் திட்டினார், தன்னைத் திட்டிக்கொண்டார். மேலே மாவட்டக் குழுவில் முறையீடு இருக்கிறது, அதற்குள் ஒரு சின்னப் படம் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார். வெட்டிப்போட்ட பேச்சைத் திருப்பிப் போடலாம். அதோடு கிழக்குச் சரிவின் விளைச்சலை உள்ளே நின்று எடுத்துக் காட்டலாம். படுத்து எழுந்த நிலம் எப்படி விளையும் என்று பார்த்தால் அவர்களுக்குப் புரிந்துவிடும். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் துவரை மறுபடியும் காய்த்து நின்ற நேரம் அது. பண்டிகைக்கு இன்னும் நாள் இருந்தது. குழு அதற்கு முன்பே கூடுகிறது.

புல்மே அன்று சாயங்காலம்வரை கிழக்குச் சரிவின் வரம்பில் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் ஜீப் அருகே வந்து நின்றாள்.

"உன் கடையில ரெண்டு மூட்ட இருக்கு. வெள்ளம் வருது. ஒண்ணத்தான் தூக்கலாம்னா எதத் தூக்குவ?"

"வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டையும் வித்துருப்பேன்."

"அதான் நீ சாவுகார்" என்றாள். மலைப் பக்கம் திரும்பினாள். "சரி, வரச் சொல்லு."

மறுநாள் அவள் வரம்பில் ஒரு முட்டையை உடைத்து வைத்து, மண்ணிடம் ஏதோ முணுமுணுத்தாள். நான் அதை மாற்றிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தேவப்ரியோ பாபு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கேமராக்காரன் முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்து பூட்ஸோடு இறங்கினான். புல்மே அந்தப் பூட்ஸை ஒரு தடவை பார்த்தாள். காய்த்த துவரை இரண்டு பக்கமும் ஒடிந்து வழிவிட்டது. நானும் முதல்முறையாக அந்த வரம்பைத் தாண்டினேன். உள்ளே நின்று பார்த்தபோது அது நான் சந்தையில் குறை சொல்லி வாங்கிய துவரை மாதிரியே இல்லை.

மலையில் எதுவும் மறையாது. துவரைப் பண்டிகையன்று, அவர்கள் ஜானி என்று அழைக்கும் ஊர்ப் பூசாரி வீடு வீடாகப் போய் முதல் துவரையை வாங்கிக்கொண்டே வந்தார். புல்மே முறத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. அந்த வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனார்.

மண்ணுக்குப் படைக்காத துவரையை அவர்கள் சமைக்கமாட்டார்கள். அந்த வார சந்தைக்கு அவள் வீட்டுத் துவரை முழுக்க என் கடைக்கு வந்துவிட்டது. நான் மூட்டைக்குள் கைவிட்டேன். நல்ல முற்றின மணி. அவள் உதட்டைப் பிதுக்குவாள் என்று காத்திருந்தேன். பிதுக்கவில்லை. நான் சொன்ன விலைக்கு முடிச்சை அவிழ்த்துக் கொட்டிவிட்டுச் சாக்கை உதறினாள். பேரம் பேசாமல் அவள் என்னிடம் விற்றது அன்றுதான். நானும் அன்று சுமாரான விலையைத்தான் சொல்லியிருந்தேன். ஏற்றிக் கொடுத்திருந்தால் அவளை அவமானப்படுத்தினது போலாகும் என்று அப்போது தோன்றியது. வியாபாரிக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

மாவட்டக் குழுவில் புதிய படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். வெட்டின பேச்சு முழுதாக வந்தது. மாமியார் வந்தாள், என் தொப்பை வந்தது, இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் கிழக்குச் சரிவு. காய்த்துத் தொங்குகிற துவரை, அடியில் படர்ந்த அவரை, ஓரத்தில் ஆமணக்கு. நான் தேவப்ரியோ பாபுவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஜெயித்த களை.

வனத்துறை அதிகாரி கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு கலெக்டர் பக்கம் திரும்பினார்.

"அமோகமா வெளஞ்சிருக்கு சார். இந்தச் சரிவுக்குத்தான் பட்டா குடுத்தாச்சே. ஒத்தப் பொம்பளைக்கு இதுவே தாராளம். இவ்வளவு வெளையிறப்ப இன்னொண்ணு எதுக்கு?"

சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பிதுக்கலை எந்த முகத்தில் வைத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். காய்ந்திருந்தால் தரிசு. காய்த்திருந்தால் தாராளம். வாங்குகிறவன் மனதில் விலையை எழுதிவிட்டுத்தான் மூட்டைக்குள் கைவிடுகிறான். மேற்குச் சரிவு வேறொரு கணக்குக்கு ஏற்கெனவே போயிருந்தது என்பது எல்லோருக்கும் அப்புறம் தெரிந்தது. தெற்கே சுரங்கத்துக்காக வெட்டப்போகும் காட்டுக்குப் பதிலாக எங்காவது மரம் நட்டுக் காட்ட வேண்டும். அதற்கு ஆளில்லாத தரிசு வேண்டும். ஆளில்லாத தரிசு எங்கள் மலையில் கிடையாது, படத்தில்தான் இருந்தது.

அவர் சொன்னதை நான் புல்மேவுக்கு மாற்றிச் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவள் அந்த அதிகாரியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டாள்.

"உங்க ஆளா, சாவுகார்?"

எங்கள் ஆளாக இருந்தால் கடைசியில் ஒரு கை உப்பாவது கூடப் போட்டிருப்பான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

மழைக்கு முன்னால் மேற்குச் சரிவைச் சுற்றி அகழி வெட்டி முள்கம்பி போட்டார்கள். தேக்குக் கன்றுகள் லாரியில் வந்தன. குழி வெட்ட மலைச் சனங்களுக்கே கூலி வேலை கொடுத்தார்கள். புல்மேயும் போனாள். போகாமல் என்ன செய்வது? கட்டைகளை எந்த மழைக்குப் பின் பிடுங்க வேண்டும், எந்தக் கல்லுக்கடியில் ஈரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்த சரிவு என்பதால் அவள் குழிகள் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் இறங்கின. மேஸ்திரி அவளைப் பாராட்டினானாம்.

கன்று நட்டு முடிந்த வாரம் தேவப்ரியோ பாபு மறுபடியும் வந்தார். இந்த முறை தனியாக, கேமராவை அவரே தூக்கிக்கொண்டு. படத்துக்கு ஒரு பின்பகுதி வேண்டும், உலகம் இந்தத் துரோகத்தையும் பார்க்க வேண்டும் என்றார். குரலில் பழைய உறுதி இல்லை. ஜீப் வாடகை எவ்வளவு என்று முதல்முறையாகக் கேட்டார். நான் கீழே தங்கச் சொல்லியும் கேட்காமல் மலையேறினார். நானும் கூடப் போனேன்.

புல்மே முள்கம்பிக்குள் நின்று கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கம்பி திறந்திருந்த இடத்துக்கு வந்ததும் பாபு கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். கற்றுக்கொண்ட மனிதர். செருப்பின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அவிழ்க்க வேணாம்னு சொல்லு, சாவுகார்" என்றாள் புல்மே. "போட்டுக்கிட்டே வரச் சொல்லு. இங்க நாங்க எதையும் வெதைக்கல."

நான் சொன்னேன். அவர் குனிந்தபடியே இருந்தார். அவள் அடுத்த கன்றுக்குப் போனாள்.